சுவரில் இரண்டு முறை வந்த குன்று

சுவா பூன் கியட்டின் உடல் வீட்டின் முன்கூடத்தில் வைக்கப்பட்டிருந்த மதியம், அவருடைய சிற்றப்பா மகன் ஒருவர் என் தோளைத் தட்டி ஓரமாக அழைத்துப் போனார். கை நிறைய வேர்க்கடலை வைத்திருந்தார்.

"மச்சா, உள்ள ரூம்புல அண்ணனோட கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கே. மேல மூலையில ஒரு நாலு நம்பர் தெரியுது. அது என்னா நம்பரு?"

"அது விதை எண்ணுங்க. கணக்கு அதுலேருந்துதான் கெளம்பும்."

"அண்ணனே எடுத்ததா?"

"அவரே எடுத்ததுதான்."

"வீட்டு நம்பரு, மோட்டார் நம்பரு எல்லாம் தெருவே எடுத்துடுச்சு. இது யாருக்கும் தெரியாதுல்ல?" குரலைத் தாழ்த்தினார். "நீ எடுத்துட்டியா?"

"இல்லைங்க."

"எடுக்காத லா. ரொம்பப் பேரு எடுத்தா கடைக்காரன் அந்த நம்பரையே நிறுத்திப்புடுவான்."

எங்கள் தீவில் ஒருவர் இறந்தால் அவரைத் தொட்ட எண்கள் எல்லாவற்றையும் நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கலில் பணம் கட்டி எடுத்துவிடுவார்கள். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. போகிறவர் போகிற போக்கில் சொந்தக்காரர்களுக்கு ஏதாவது விட்டுப்போவார் என்று நினைப்பார்கள். அந்த வாரக் குலுக்கலில் அந்த எண் விழவில்லை. அதற்குப் பக்கத்து எண்கூட விழவில்லை.

என்னை உறுத்தியது வேறு. நான் போய்த் திரையைப் பார்த்தேன், எனக்குத் தெரிந்த விதை எண் அது அல்ல. நான் ஞாயிறுதோறும் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாலும் அந்த அறைக்குள் நுழைந்து வெகுநாள் ஆகியிருந்தது. வெக்கை தாங்காது என்று கதவைச் சாத்தியே வைத்திருப்பார். கம்ப்யூட்டர்களின் விசிறிச் சத்தம் மட்டும் கூடம் வரை கேட்கும். "ஓடுதா அண்ணே?" என்பேன். "ஓடுது மச்சா," என்பார். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை.

தமிழ்ப் பையன்கள் எல்லோரையும் எங்கள் ஊர்ச் சீனர்களும் மலாய்க்காரர்களும் மச்சா என்றுதான் கூப்பிடுவார்கள். பூன் கியட் அப்படி அழைக்கும்போது மட்டும் அது என் பெயர் போலவே ஆகிவிட்டிருந்தது.

அவர் ஆயர் ஈத்தாமில் பிறந்தவர். அப்பா தீவைச் சுற்றிவரும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தார். பள்ளி விடுமுறையில் அப்பாவோடு அந்தப் பஸ்ஸிலேயே சுற்றிக்கொண்டிருந்ததுதான் தன் குழந்தைப் பருவம் என்று சொல்வார். பள்ளி முடிந்ததும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தார். வெளிநாட்டில் எவரோ வரைந்த கம்ப்யூட்டர் சில்லுகளைச் சூட்டில் வேகவைத்து, குளிரில் விறைக்கவைத்து, மின்சாரம் கொடுத்துப் பிழைத்ததா செத்ததா என்று பிரித்துப் போடும் வேலை. அதில் இருந்துகொண்டே மாலை வகுப்புகளில் படித்துப் பட்டம் வாங்கினார். நான் கல்லூரி முடித்து அங்கே வேலைக்கு வந்தபோது அவர் அந்தப் பரிசோதனைக் கூடத்தில் நரைத்திருந்தார். "நான் சாவு டாக்டர் மச்சா. யாரு செத்தா, எப்பச் செத்தா, அவ்வளவுதான் எழுதுவேன். யாரையும் பெத்ததில்ல," என்று என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது.

அவருக்கும் கய்க் சிம் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் அவர் அன்று சொன்னது சில்லைப் பற்றித்தான்.

பிறகு எங்கள் நிறுவனம் தீவிலேயே ஒரு வரைவுப் பிரிவைத் திறந்தது. இருபது பேருக்கும் குறைவு. புவான் ரொஸ்னானி தலைவர்; புவான் என்றால் மலாயில் அம்மையார். கெடாக்காரர், குரலை உயர்த்தாதவர். எங்களுக்குக் கொடுத்த வேலை ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கான சில்லு. ஒரு கட்டடத்தின் கம்ப்யூட்டர் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பெட்டிதான் ஸ்விட்ச். ஒவ்வொரு கம்பியிலும் தகவல் சிறு சிறு பாக்கெட்டாக வரும். எது எந்த வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்று பார்த்து அனுப்புவது சில்லின் வேலை. இரண்டு பாக்கெட் ஒரே நேரத்தில் ஒரே வாசலைக் கேட்டால் ஒன்று காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் இடத்துக்குப் பஃபர் என்று பெயர். பஃபர் நிறைந்துவிட்டால் அடுத்து வருகிற பாக்கெட் விழுந்துவிடும். விழுந்தது விழுந்ததுதான்.

பஃபரைப் பெரிதாக வைத்தால் சில்லு பெரிதாகி விலை ஏறும். சிறிதாக வைத்தால் பாக்கெட் விழும். எவ்வளவு வைப்பது என்று முடிவு செய்தவர் பூன் கியட். தலைமை அலுவலகம் ஒரு நிபந்தனை போட்டது: எல்லா வாசல்களும் ஏறக்குறைய நிறைந்து ஓடும்போதும் பத்துக் கோடிப் பாக்கெட்டில் ஒன்றுக்கு மேல் விழக் கூடாது. அதை நிரூபித்தால் சில்லு தயாரிப்புக்குத் தைவான் ஆலைக்குப் போகும். நிரூபிக்க முடியாவிட்டால் பிரிவை மூடிவிட்டு எல்லோரும் பழையபடி அடுத்தவன் சில்லை வேகவைக்கப் போக வேண்டும்.

இல்லாத சில்லை எப்படிச் சோதிப்பது? கம்ப்யூட்டருக்குள் ஒரு போலி ஸ்விட்ச்சை எழுதி, அதன் வாசல்களில் போலிப் பாக்கெட்டுகளை அனுப்பிப் பார்க்க வேண்டும். சிமுலேஷன். நிஜ உலகில் பாக்கெட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கம்ப்யூட்டர் தானாக உருட்டிப்போடும் எண்களை வைத்து வர விடுவோம், தாயக்கட்டை உருட்டுவது போல. உருட்டலை எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லும் எண்தான் விதை. ஒரே விதை போட்டால் ஒரே வரிசை வரும். வேறு விதை போட்டால் வேறு இடத்திலிருந்து தொடங்கும்.

பூன் கியட் விதைகளை நாலு நம்பர் குலுக்கல் முடிவிலிருந்துதான் எடுத்தார். குலுக்கல் மறுநாள் காலை, இடது கையில் பையில் கட்டிய பாலில்லாத கோப்பி-ஓ, வலது கையில் கிழித்த செய்தித்தாள் ஓரம் என்று வந்து உட்காருவார்.

"அண்ணே, போடப்போற நம்பர எங்களுக்கும் சொன்னா என்னா?" என்று யாராவது கேட்பார்கள்.

"நான் போடுறது விழுந்த நம்பரு. விழப்போறது தெரிஞ்சா நான் ஏன் இந்த ஏர்கோன்ல உக்காந்து மூக்கு ஒழுகிக்கிட்டு இருக்கேன்?"

ஏன் குலுக்கல் எண் என்று நான் ஒருமுறை கேட்டேன். அப்போது அவர் சிரிக்கவில்லை.

"நானா எடுத்தா எனக்குப் புடிச்ச பதில் வர்ற வரைக்கும் மாத்தி மாத்திப் போடுவேன் மச்சா. எனக்கு என்னையத் தெரியும். இது என் கையில இல்ல. விழுந்தது விழுந்ததுதான்."

பத்து வெவ்வேறு விதைகளில் பத்து நீண்ட ஓட்டங்கள். ஒவ்வொன்றும் பல நாள் ஓடியது. பத்தும் முடிந்தபோது பத்தும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்லின. நிபந்தனைக்குக் கீழே, பாதுகாப்பான தூரத்தில். இப்படிப்பட்ட கணக்கில் பதில் மட்டும் போதாது. அது இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு பிசகலாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றனவோ அவ்வளவு அந்தப் பிசகு குறையும். வரைபடத்தில் அதைக் காட்டும் எங்கள் பிசகு கோடு மயிரிழையாக இருந்தது. தலைமை அலுவலகத்தில் பாராட்டினார்கள். தைவானுக்கு அனுப்பும் நாள் குறித்தார்கள். புவான் ரொஸ்னானி எங்களைப் பத்து மாவுங் என்ற ஊரில் ஒரு கடலோரக் கடைக்கு அழைத்துப்போய் நண்டு வாங்கிக் கொடுத்தார். பூன் கியட் அன்று தின்றுகொண்டே இருந்தார். ஒருமுறை மட்டும் என் பக்கம் சாய்ந்து, "பெத்துட்டோம்டா," என்றார்.

அதற்கு முன்பே எங்கள் தடுப்புச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தோம். முதல் ஓட்டத்தில் பஃபர் மிக மோசமாக நிறைந்த நேரத்தை வரைந்த கோடு. மெதுவாக ஏறி, உச்சியில் தட்டையாகி, நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, சட்டென்று சரியும். பெல்ட் இறுக்கிய தொப்பை மாதிரி இருந்ததால் அதற்குக் 'கியட்டின் வயிறு' என்று பெயர் வைத்திருந்தோம். தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதாக இருந்தது. சுவரை அழகாக்கலாம் என்று பூன் கியட் மற்ற ஓட்டங்களின் மோசமான நேரங்களையும் அச்சடித்து ஒட்டத் தொடங்கினார்.

நான் கோப்பி வாங்கிவரப் போயிருந்தேன். திரும்பியபோது அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"மச்சா, இங்க வா. என் வயித்தப் பாரு."

"தெனமும் பாக்குறதுதானே அண்ணே."

"இன்னொண்ணு இருக்கு."

இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடியில் வைத்துப் பிடித்திருந்தார். பின்னால் விமான நிலையத்து வெயில். முதல் ஓட்டத்துக் குன்றும் ஏழாவது ஓட்டத்துக் குன்றும் பள்ளம் உட்பட ஒன்றாகப் பொருந்தின. ஒரு குன்றுதான் தெரிந்தது. தாளை விலக்கினால் இரண்டு, வைத்தால் ஒன்று.

"ஒரே தாள ரெண்டு தடவ அடிச்சிருப்பீங்க," என்றேன்.

"தேதியப் பாரு."

அவர் சொன்னது சரி. விதை வேறு, தேதி வேறு, கம்ப்யூட்டர்கூட வேறு. குன்று மட்டும் ஒன்று.

பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தாள்களையும் மடியில் வைத்துக்கொண்டார். கோப்பிப் பை கொக்கியில் தொங்கியபடியே ஆறிப்போனது.

"எங்கப்பா பஸ்ஸு," என்றார் கடைசியில். "நீ ஜார்ஜ் டவுன்ல ஏறு, பாலிக் புலாவுல ஏறு, தெலுக் பாஹாங்குல ஏறு. எறங்காம உக்காந்திருந்தா எல்லாத்தையும் பாத்துட்டு ஏறுன எடத்துக்கே வருவ. ரோடு ஒண்ணுதான். நம்ம நம்பர் வண்டி சின்னத் தீவுல ஓடுது மச்சா. நம்ம ஓட்டம் ரொம்ப நீளம். சுத்திச் சுத்தி வந்திருக்கோம்."

நாங்கள் பயன்படுத்திய நிரல் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பழைய நிரல். அதில் எண்களை உருட்டிப்போடும் பகுதி குட்டிக் கணக்குகளுக்காக எழுதியது. சில நூறு கோடி எண்கள் முடிந்ததும் முதலிலிருந்து அதே எண்கள் வரும். குட்டிக் கணக்கில் அது யாருக்கும் தெரியாது. பத்துக் கோடியில் ஒன்றைத் தேடிப்போன எங்கள் கணக்கு அந்த வட்டத்தைப் பலமுறை சுற்றிவிட்டது. குலுக்கல் எண்கள் எல்லாம் ஒரே சாலையின் வெவ்வேறு நிறுத்தங்கள். சில்லு, பெட்டி, வாசல் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நாங்கள் தாயக்கட்டையைச் சந்தேகப்படவில்லை.

"பத்து சாட்சி ஒரே மாதிரி சொல்றாங்களேன்னு சந்தோஷப்பட்டேன்," என்றார். "ஒரே ஆளு பத்து சட்ட மாத்திக்கிட்டு வந்து சொல்லியிருக்கான்."

அன்றே புவான் ரொஸ்னானியின் அறைக்குப் போனோம். அவர் இரண்டு தாள்களையும் விளக்கில் வைத்துப் பார்த்தார். விளக்கமே தேவைப்படவில்லை.

"அப்ப பஃபர் பத்தாதுன்னு சொல்றீங்களா கியட்?"

"பத்தாதுன்னு சொல்லல புவான். பத்தும்னு சொல்ல முடியலன்னு சொல்றேன்."

"மேல இருக்கறவங்களுக்கு இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதே."

"எனக்குத் தெரியுதே."

அவர் தலைமுக்காட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். "எழுதறேன். நீங்களும் பக்கத்துல உக்காருங்க. ஒரு வார்த்த கூடவோ கொறையவோ போயிடக் கூடாது," என்றார்.

நல்ல உருட்டலை எழுதிப் போட்டோம். அலுவலகத்தில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களையும் அதற்கே விட்டோம். இப்போது சாட்சிகள் நிஜமாகவே வெவ்வேறு ஆட்கள். ஒருவன் நிபந்தனைக்குக் கீழே என்றான், ஒருவன் மேலே என்றான். மயிரிழையாக இருந்த பிசகு கோடு முழங்கை நீளத்துக்கு விரிந்து நிபந்தனையின் இரண்டு பக்கமும் படர்ந்தது. பிசகைப் பாதியாக்க நான்கு மடங்கு ஓட வேண்டும். அதில் பாதியாக்க இன்னும் நான்கு மடங்கு. எங்களிடம் அவ்வளவு காலம் இல்லை. வெளியே தொழிலே சரிந்துகொண்டிருந்தது. தலைமை அலுவலகம் எதை வெட்டலாம் என்று தேடிக்கொண்டிருந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்த ஆட்கள் நல்லவர்கள்தான். கடைசியில் ஒருவர் நேராகவே கேட்டார்: "உங்கள் மனசுக்கு என்ன தோணுது மிஸ்டர் சுவா? பத்துமா, பத்தாதா?"

எல்லோரும் பூன் கியட்டின் வாயையே பார்த்தோம். பத்தும் என்று ஒரு சொல் சொன்னால் இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருக்கும். நாங்கள் அப்படித்தான் நம்பினோம்.

"தெரியலைங்க," என்றார்.

அந்த மாதக் கடைசியில் பிரிவை மூடினார்கள். பெட்டி கட்டும்போது எங்களில் ஒருவன் அவர் காதுபடச் சொன்னான்: "வயித்த இன்னும் ஒரு மாசம் கழிச்சுப் பாத்திருக்கக் கூடாதா? கண்ணாடி இல்லாத ரூம்பா குடுத்திருக்கணும்." பூன் கியட் திரும்பிப் பார்த்து, "அதையும் நெனச்சுப் பாத்தேன் தம்பி," என்றார். அவன் குனிந்து பெட்டியைக் கட்டினான். சிலர் சிங்கப்பூர் போனார்கள். நான் வேறொரு ஆலையின் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். அவரையும் அழைத்தேன், வரவில்லை.

அண்ணிக்குச் சந்தைக்குப் பக்கத்தில், அஞ்சடி என்கிற கடைமுன் நடைபாதையில், குவே தியோ என்ற அரிசி நூடுல்ஸ் சூப் கடை ஒன்று இருந்தது. பூன் கியட் அங்கே கிண்ணம் கழுவ உட்கார்ந்துவிட்டார். அலுவலகம் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்கள் சிலவற்றை வாங்கி வீட்டு அறையில் அடுக்கினார். ஸ்விட்ச் அதே ஸ்விட்ச், பஃபர் அதே பஃபர். யாருக்கும் அது இனித் தேவையில்லை. பத்துமா பத்தாதா என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பத்தும் என்றால், சில்லு நல்ல சில்லு, காலம் போதாமல் செத்தது. அதைத் தெரிந்துகொண்டால் போதும் என்று என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னார். எனக்கும் அது போதும் என்றுதான் இருந்தது. பத்தும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

ஆனால் ஓட்டத்தை உடனே தொடங்கவில்லை. கிண்ணங்கள் குறுக்கே வந்தன.

கூட்ட நேரத்தில் கிண்ணம் தீர்ந்துபோகிறது, எத்தனை கூடுதலாக வாங்கலாம் என்று அண்ணி கேட்டிருக்கிறார். அவர் ஒரு வாரம் வாடிக்கைக்காரர்களை எண்ணிக் கணக்குப் போட்டு ஒரு எண் சொன்னார். அண்ணி வாங்கிவிட்டார். அடுத்த ஞாயிறு நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மலைக்கோயில் பஸ் வந்து நின்றது. மொத்தப் பஸ்ஸும் இறங்கிக் கடைக்குள் புகுந்தது. கிண்ணம் தீர்ந்தது. நாலைந்து பேர் நின்று பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

"இதான் உன் கணக்கா?" அண்ணி கரண்டியால் பானையைத் தட்டினார். "பட்டம் வாங்குன மூளை! தெருவுல போற பூனையக் கேட்டிருந்தா சரியாச் சொல்லியிருக்கும்."

"வாரத்துக்கு எத்தன பேருன்னு சரியாத்தானே சொன்னேன்."

"வாரம் முழுக்க மொத்தமா ஒரே பானையிலயா சாப்புடறாங்க? வர்றப்ப பஸ்ஸோட வர்றான், இல்லன்னா ஈகூட வர மாட்டேங்குது."

அவர் சோப்புத் தண்ணீரில் கையை வைத்தபடி அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு முழிக்கிற? கழுவு. வாடிக்க நிக்குது."

பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "நம்ம பாக்கெட் எல்லாத்தையும் தனித்தனியா வர வச்சிருந்தோம் மச்சா. ஒருத்தன் வர்றதுக்கும் அடுத்தவன் வர்றதுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. யாரு அப்படி வர்றா? ஒருத்தன் ஒரு படத்த அனுப்புனா நூறு பாக்கெட் பஸ்ஸுலதான் வரும். உருட்டல் நல்லா இருந்து என்னா பிரயோஜனம், ஆளுங்க வர்ற விதமே தப்பா இருந்தா?"

அதற்குப் பிறகு போலிப் பாக்கெட்டுகளைப் பஸ் பஸ்ஸாக வரவிட்டு எழுதினார். எழுதி முடிக்கவே வெகுகாலம் ஆனது. அப்படி வரும்போது சராசரி நிதானத்துக்கு வர இன்னும் நெடுங்காலம் எடுக்கும். ஒரே விதை, ஒரே நீண்ட ஓட்டம் என்று முடிவு செய்தார். நடுவில் பதிலைப் பார்க்கவே கூடாது என்று திரையில் விதை எண்ணை மட்டும் தெரியும்படி வைத்தார். பார்த்தால் பிடித்த இடத்தில் நிறுத்தத் தோன்றும் என்றார். அந்த விதையை நான்தான் செய்தித்தாளிலிருந்து படித்துச் சொன்னேன். அந்த எண் எனக்கு இன்னும் மனப்பாடம்.

வருடங்கள் போயின. மின்வெட்டில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி எழுதியிருந்தார். பல்லிகள் அந்த அறைச் சூட்டுக்கு வந்து குடியேறின. "எனக்கு ஒரு ஏர்கோன் வாங்கித் தர வக்கில்ல, இதுங்களுக்குப் பார், மூணு விசிறி," என்பார் அண்ணி. நான் ஞாயிறுதோறும் போனேன். சூப் குடித்தேன். "ஓடுதா அண்ணே?" "ஓடுது மச்சா."

ஒரு காலை பூன் கியட் கிண்ணத் தொட்டி அருகே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்தன்று, செத்தவருக்குப் போய்ச் சேரட்டும் என்று காகிதக் கடைக்காரர் காகிதத்தில் செய்த வீடும் காரும் ஒரு காகிதக் கம்ப்யூட்டரும் எரிந்தன. கம்ப்யூட்டரின் திரையில் கடைக்காரர் ஒரு பூங்கொத்தை வரைந்திருந்தார். எல்லாம் அடங்கி, உறவினர்கள் போன பிறகு நான் அண்ணியிடம் கேட்டேன்.

"அண்ணி, திரையில இருக்கறது வேற நம்பரா இருக்கே. அண்ணன் மறுபடி ஆரம்பிச்சாரா?"

அவர் மேசையில் சிதறிய கடலைத்தோலைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"பழையது முடிஞ்சு போச்சே. சீனப் பெருநாளுக்கு முன்னாடியே."

"முடிஞ்சுதா? என்கிட்ட சொல்லவே இல்லையே."

"உன்கிட்ட சொல்லாதேன்னாரு."

நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"மத்தியானச் சோத்துக்கு வந்து உக்காந்தாரு. 'ஆபீஸ மூடுனது சரிதான் சிம்,' அப்படின்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. சரி, சாப்புடுன்னேன். சாப்புட்டாரு. அப்புறம் சொன்னாரு, 'மச்சாகிட்ட சொல்லிடாத. பத்தும்னு அவன் இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கான்'னு."

"பின்ன எதுக்கு மறுபடியும் ஓட விட்டாரு?"

"நானும் அதத்தான் கேட்டேன். கரண்டுக் காச யாரு கட்டறதுன்னேன். 'ஞாயித்துக்கெழம வருவான்ல, வந்தா விசிறிச் சத்தம் கேக்கணும்'னாரு."

கூட்டிய தோலை முறத்தில் அள்ளிக்கொண்டு அவர் பின்கட்டுக்குப் போனார். நான் அறைக்குள் போனேன். பழைய ஓட்டத்தின் முடிவைத் தேடி எடுக்க ஒன்றும் சிரமம் இல்லை. பூன் கியட் எதையும் மறைத்து வைக்கவில்லை, நான் தேடமாட்டேன் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. பிசகு கோடு குறுகியிருந்தது, நாங்கள் நண்டு தின்ற நாளில் இருந்ததைவிடவும் குறுகி. இந்த முறை அது நேர்மையான குறுகல். முழுக் கோடும் நிபந்தனைக்கு மேலே இருந்தது. கொஞ்சம் மேலே அல்ல. பத்துக் கோடியில் ஒன்றல்ல, பத்து லட்சத்திலேயே பல. அந்தச் சில்லு தைவானுக்குப் போயிருந்தால், பெட்டியாகி எங்காவது ஒரு கட்டடத்தில் உட்கார்ந்திருந்தால், ஆட்கள் சேர்ந்து வரும் எல்லா நேரத்திலும் பாக்கெட்டுகளைக் கீழே போட்டுக்கொண்டே இருந்திருக்கும். பஃபர் தொடக்கத்திலிருந்தே சிறிது. அவர் முடிவு செய்த பஃபர்.

இரண்டாவது ஓட்டத்தையும் திறந்து பார்த்தேன். அதுவும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

அண்ணி வாசலில் நின்றார். "என்னா சொல்லுது?"

"பத்தாதுன்னு சொல்லுது அண்ணி."

"அதான் அவரும் சொன்னாரே." கொஞ்சம் நின்று, "அப்ப நிறுத்திடலாமா? மீன் உருண்டைக்கு ஒரு ஃப்ரீசர் சொல்லி வச்சிருக்கேன். ப்ளக் பாயிண்டு இந்த ரூம்புலதான் இருக்கு," என்றார்.

"நிறுத்திடலாம்."

அண்ணியே குனிந்து ஒவ்வொன்றாக அணைத்தார். விசிறிகள் நின்றன. கடைசி விசிறி சுற்றி ஓயக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த வீட்டில் பல வருடங்களுக்குப் பிறகு தெருச் சத்தம் உள்ளே வந்தது. நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு அவர், நாளைக்குக் கடை திறக்க வேண்டும், கழுவ ஆள் இல்லை என்றார்.

இப்போது ஞாயிறுகளில் நான்தான் கழுவுகிறேன். கிண்ணங்கள் பூன் கியட் சொன்ன எண்ணிக்கையிலேயே இருக்கின்றன. அண்ணி அதற்குப் பிறகு வாங்கவில்லை. நானும் வாங்கச் சொல்லவில்லை. போன வாரம் வெகுநேரம் ஒருவரும் வரவில்லை. கை காய்ந்து போகும் அளவுக்கு உட்கார்ந்திருந்தேன். பிறகு கோயில் பஸ் வந்தது. என்னால் முடிந்த வேகத்தில் கழுவிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். வரிசையின் கடைசியில் ஒரு வயதான பெண் குடையோடு நின்றிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு கழுவினேன். ஒரு கிண்ணம் மீதி இருந்தால் போதும். அவர் பானையை எட்டிப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.